ஒரு தன்வினைச் சொல்

ஆபரேஷன் முடிந்து ஒருவருக்கு மயக்கம் தெளிவதை இங்கிலாந்து ஆஸ்பத்திரிகளில் யாரும் பெரிய வார்த்தையால் சொல்வதில்லை. 'கம் ரவுண்ட்' என்பார்கள். மயக்க மருந்து டாக்டரும் அதைத்தான் சொல்வார். ட்ராலி தள்ளும் போர்ட்டரும் அதைத்தான் சொல்வார். வெளியே காத்திருக்கும் மனைவி கேட்பதும் அதுதான்: "ஹேஸ் ஹி கம் ரவுண்ட் யெட்?" கம் என்றால் வா, ரவுண்ட் என்றால் சுற்றி. இரண்டுமே சின்ன வகுப்பில் படித்த சொற்கள். சேர்த்துச் சொன்னால் 'கண் விழித்துவிட்டாரா' என்று பொருள் தரும் என்பது, திருநெல்வேலிப் பக்கம் நர்சிங் படித்த எனக்கு, யார்க்‌ஷயரில் ரிகவரி அறையில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது.

இப்படி ஒரு எளிய வினைச்சொல்லோடு அப், அவுட், ஆஃப், ரவுண்ட் என்று ஏதாவது ஒரு குட்டிச் சொல் ஒட்டிக்கொண்டு புதுப் பொருள் தருவதை ஃபிரேசல் வெர்ப் என்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் நாம் எல்லோரும் கொஞ்சம் மனப்பாடம் செய்திருப்போம். லுக் ஆஃப்டர், கிவ் அப், புட் ஆஃப். நான் எழுத வந்தது கம் ரவுண்ட் என்ற ஒன்றைப் பற்றித்தான். அதன் ஒரு பொருளை வேலையில் கற்றுக்கொண்டேன். இன்னொரு பொருள் என் அப்பாவோடு சம்பந்தப்பட்டது. அதைக் கற்றுக்கொள்ளப் பல வருஷம் ஆயிற்று. இதுவரை அதை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

பிரிட்டனில் நர்ஸாகப் பதிவு செய்ய ஆங்கிலத் தேர்வு எழுத வேண்டும். நான் எழுதியது ஓ.இ.டி. அதை 2017 முதல் அங்குள்ள நர்சிங் கவுன்சில் ஏற்றுக்கொள்கிறது. மருத்துவத் துறைக்கென்றே அமைத்த நல்ல தேர்வுதான். நோயாளியாக நடிப்பவரோடு பேசிக் காட்ட வேண்டும், கடிதம் எழுத வேண்டும். நாசியா, சின்கோபி, எக்ஸ்பெக்டோரேஷன் எல்லாம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் கட்டிலில் படுத்திருப்பவர் அந்தச் சொற்களைச் சொல்வதில்லை. வாந்தி வந்தால் 'த்ரோ அப்'. சளி வெளியே வந்தால் 'பிரிங் அப்'. கண் அசந்தால் 'நாட் ஆஃப்'. சாப்பாடு பிடிக்காமல் போனால் 'கோ ஆஃப்'. பால் திரிந்தாலும் அதே 'கோ ஆஃப்', அலாரம் அடித்தாலும் அதே 'கோ ஆஃப்'. நம்மூரில் காலேஜ் முடித்தவரெல்லாம் 'பாஸ் அவுட்' ஆனவர்கள். அங்கே பாஸ் அவுட் என்றால் நினைவு தப்பி விழுவது.

ஒரு பாட்டியம்மா இடுப்பு எலும்பு ஆபரேஷனுக்காக வார்டில் இருந்தார். வலி எவ்வளவு இருக்கிறது, பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் சொல்லுங்கள் என்று கேட்டேன். நாலு என்றார். நாலு என்றால் அவசரமில்லை. எழுதிக்கொண்டு திரும்பும்போது, தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற மாதிரி, "ஐ ஜஸ்ட் புட் அப் வித் இட், லவ்" என்றார். 'புட் அப் வித்' என்றால் பொறுத்துக்கொள்வது. விருப்பத்தோடு பொறுப்பதல்ல, வேறு வழியில்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டு காலம் தள்ளுவது. நம் வீட்டுப் பெண்கள் 'கெடக்கட்டும், பழகிப்போச்சு' என்பார்களே, அந்தத் தொனி. நாலு என்ற எண்ணுக்குள் அடங்காத வலி அந்தச் சொல்லுக்குள் இருந்தது. திரும்பிப் போய் பக்கத்தில் உட்கார்ந்து கேட்ட பிறகுதான் தெரிந்தது, பல ராத்திரிகளாக அவர் சரியாகத் தூங்கவே இல்லை. டாக்டரைக் கூப்பிட்டு மருந்தை மாற்றினோம். ஆங்கிலத்தில் நோயாளியின் உடம்பு பேசுவது இந்தக் குட்டிச் சொற்களில்தான் என்று அன்றைக்கு நம்பத் தொடங்கியவள், இன்றும் நம்புகிறேன்.

ஏன் இப்படி என்று பிற்பாடு தேடிப் படித்தேன். 1066-இல் நார்மானியர்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு ஆட்சியும் கோர்ட்டும் படிப்பும் பிரெஞ்சுக்கும் லத்தீனுக்கும் போய்விட்டன. அடுப்படியிலும் வயலிலும் பழைய சொற்கள் தங்கின. டாக்டர் எழுதும் 'வாமிட்' லத்தீன் வழி வந்தது. நோயாளி சொல்லும் 'த்ரோ'வும் 'அப்'பும் உள்ளூர்ச் சரக்கு. (எல்லாமே அப்படி என்று சொல்ல முடியாது. நம் 'ரவுண்ட்' பிரெஞ்சிலிருந்து வந்ததுதான்.) சாமுவேல் ஜான்சன் 1755-இல் தன் அகராதியின் முன்னுரையிலேயே, அயல்நாட்டார் மிகவும் திண்டாடுவது இந்தச் சேர்க்கைகளில்தான் என்று எழுதியிருக்கிறார். ஆனால் அவற்றுக்கு ஃபிரேசல் வெர்ப் என்ற பெயர் அச்சில் வந்தது 1925-இல், லோகன் பியர்சல் ஸ்மித் எழுதிய புத்தகத்தில். 1930-இல் சி.கே. ஆக்டன் என்பவர் 850 சொற்களில் ஆங்கிலத்தை அடக்கி 'பேசிக் இங்கிலீஷ்' என்று வெளியிட்டார். அதில் வினைச்சொற்கள் இருபதுகூடக் கிடையாது. எப்படி முடிந்தது? புட், டேக், கெட், கிவ் ஆகியவற்றோடு அப், அவுட், இன் என்று ஒட்டிக்கொண்டே போனால் ஏறக்குறைய எல்லாம் சொல்லிவிடலாம். ஆனால் அந்த ஒட்டுகளின் பொருளையெல்லாம் தனித்தனியாகக் கற்க வேண்டுமே, அதை அந்த 850 கணக்கில் சேர்க்கவில்லை. வெளியிலிருந்து வருகிறவளாக அது எனக்கு நியாயமாகப் படவில்லை.

நம் மொழியிலும் இந்தக் கஷ்டம் உண்டு என்பதை என் மகள் காட்டிக் கொடுத்தாள். அங்கேயே பிறந்தவள். 'தம்பிக்கு விட்டுக்கொடு' என்றேன். "விட்டுட்டா அப்புறம் எப்படிம்மா குடுக்கறது?" என்றாள். விடு தெரியும், கொடு தெரியும், விட்டுக்கொடு தெரியாது. எழுதித் தள்ளுவது, அழுது தீர்ப்பது, கண்டுகொள்வது, ஏற்றுக்கொள்வது என்று நாம் யோசிக்காமல் பேசுவதையெல்லாம் அவளுக்கு ஒவ்வொன்றாகச் சொல்லித்தர வேண்டியிருக்கிறது. அதிலிருந்து ஆங்கிலக்காரர்கள் மேல் எனக்கிருந்த மனத்தாங்கல் போய்விட்டது.

ரிகவரி அறைக்கு வருகிறேன். தியேட்டருக்கும் வார்டுக்கும் நடுவில் இருக்கும் அறை அது. ஒரு நோயாளிக்கு ஒரு நர்ஸ். அவர் தன் மூச்சுப்பாதையைத் தானே காத்துக்கொள்கிற வரை தலைமாட்டை விட்டு நகரக் கூடாது. மயக்கம் கொடுப்பது சுலபமாகத் தெரியும். பால் போல வெள்ளையாக இருக்கும் புரோபோஃபால், 1986-இல் பிரிட்டனில் புழக்கத்துக்கு வந்த மருந்து, நரம்பில் ஏறினால் ஒரு நிமிஷத்துக்குள் ஆள் உறங்கிவிடுவார். தெளிவது அப்படியல்ல. வயது, உடம்பின் கொழுப்பு, எவ்வளவு நேரம் ஆபரேஷன் நடந்தது, வலிக்கு என்ன கொடுத்தார்கள், ஈரலும் சிறுநீரகமும் எப்படி வேலை செய்கின்றன, எல்லாம் சேர்ந்து அந்த நேரத்தை முடிவு செய்யும். ஒரே ஆபரேஷன், ஒரே வயது என்று இரண்டு பேர் வருவார்கள். ஒருவர் வந்ததுமே மணி கேட்பார், இன்னொருவர் அசையவே மாட்டார்.

அந்த நேரத்தில் நான் பார்ப்பது ஆக்ஸிஜன் மாஸ்க்கை. மூச்சு விடும்போது மாஸ்க்கின் உட்பக்கம் ஆவி படியும், உள்ளே இழுக்கும்போது மறையும். மானிட்டர் என்ன எண் காட்டினாலும் சரி, முதலில் அந்த ஆவியைப் பார் என்றுதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். பிறகு எச்சில் விழுங்குவார். இமை துடிக்கும். கை மாஸ்க்கைத் தேடிப் போகும். சிலர் தொண்டையில் குரல்வளைக்கு மேல் உட்காரும் லாரிஞ்சியல் மாஸ்க்கோடு வருவார்கள். அதை நாம் பிடுங்கக் கூடாது. மெதுவாகப் பேர் சொல்லி, வாயைத் திறங்கள் என்போம். அவராக வாயைத் திறந்தால் எடுக்கலாம். கண் திறப்பதற்கு முன்பே குரல் எட்டிவிடும் என்பதால், பேச்சு மட்டும் விடாமல் நடக்கும்: ஆபரேஷன் முடிந்தது, ரிகவரியில் இருக்கிறீர்கள், நான் பக்கத்தில்தான் இருக்கிறேன்.

பயப்பட வேண்டிய நேரம் ஆழ்ந்த மயக்கத்தில் இல்லை, நடுவில் இருக்கிறது. முழுசாகத் தூங்கவும் இல்லை, முழுசாக விழிக்கவும் இல்லை என்ற அந்த இடைவேளையில் தொண்டையைத் தொட்டாலோ, குழாயை இழுத்தாலோ, உலுக்கினாலோ, குரல்நாண்கள் சட்டென்று இறுக மூடிக்கொள்ளலாம். லாரிங்கோஸ்பாசம் என்பார்கள். நெஞ்சு ஏறி இறங்கும், காற்று மட்டும் போகாது. மாஸ்க்கில் ஆவி படியாது. ஆக்ஸிஜன் அளவு கண்ணெதிரே இறங்கும். தாடையை முன்னால் தூக்கிப் பிடித்து, பையால் அழுத்தி ஆக்ஸிஜன் கொடுத்து, மயக்க மருந்து டாக்டரை அழைப்போம். பெரும்பாலும் விலகிவிடும். ஆனாலும் ஒரு தடவை பார்த்தவர் மறக்க மாட்டார். எனக்குப் பயிற்சி கொடுத்த மூத்த சிஸ்டர், யார்க்‌ஷயர் கிராமத்துப் பெண்மணி, பாதி தெளிந்த ஒருவரை நான் உலுக்கப் போன அன்று என் இரண்டு கையையும் பிடித்துக் கீழே இறக்கிவிட்டு, "லெட் ஹிம் கம் ரவுண்ட்" என்றார். அவராக வரட்டும்.

அங்கேதான் அந்தச் சொல்லின் இலக்கணம் எனக்குப் பிடிபட்டது. கம் ரவுண்டுக்குச் செயப்படுபொருள் கிடையாது. யாரையும் கம் ரவுண்ட் செய்ய முடியாது. நாம் தெளிய வைத்தால் அது 'பிரிங் ரவுண்ட்'. அங்கே ஆள் நடுவில் வருவார்: பிரிங் ஹிம் ரவுண்ட். திருந்து-திருத்து, மாறு-மாற்று, தெளி-தெளிவி என்று நாம் எட்டாம் வகுப்பில் தன்வினை, பிறவினை படித்தோமே, அதே கணக்கு. கம் ரவுண்ட் தன்வினை, பிரிங் ரவுண்ட் பிறவினை. அழுத்தம் கம்மில் இல்லை, ரவுண்டில் விழும். அமெரிக்கர்கள் 'கம் அரவுண்ட்' என்பார்கள்.

இன்னொரு பொருளும் உண்டு, வீட்டுக்கு வந்து போவது. எதிர்வீட்டு அம்மாள் என்னை முதல் குளிர்காலத்தில் 'கம் ரவுண்ட்' என்று டீக்குக் கூப்பிட்டார். போனேன், நல்ல மனுஷி, இப்போதும் போய்வருகிறேன். அதில் சொல்ல வேறொன்றும் இல்லை. பண்டிகை வருஷம் தோறும் திரும்பி வருவதற்கும் இதே சொல்தான். எனக்கு முக்கியமானது, மனசு மாறுவதைக் குறிக்கும் பொருள். எதிர்த்துக்கொண்டிருந்தவர் மெல்ல மெல்லத் தன் நிலையிலிருந்து திரும்பி வந்தால் 'ஹி கேம் ரவுண்ட்'. எதற்கு ஒப்புக்கொண்டார் என்று சொல்ல வேண்டுமானால் 'கம் ரவுண்ட் டு'. தமிழில் இதற்கு 'வழிக்கு வந்தான்' என்போம், 'இறங்கி வந்தார்' என்போம். முதலாவதில் ஒருவர் ஜெயிக்கிறார், இன்னொருவர் தோற்கிறார். இரண்டாவதில் ஒரு மேடு இருக்கிறது. அப்பா விஷயத்தில் நான் ஆசைப்பட்டது, மறைக்காமல் சொல்கிறேன், இந்த இரண்டையும்தான். அவர் வழிக்கு வர வேண்டும், இறங்கி வர வேண்டும்.

நான் கல்யாணம் செய்துகொண்டவர் வேறு சாதி. சொன்ன நாளிலிருந்து அப்பா என்னோடு பேசவில்லை. சத்தம் போடவில்லை, கை ஓங்கவில்லை, பேச்சை நிறுத்தினார். எங்கள் பக்கத்தில் இதற்காக அரிவாள் எடுத்த குடும்பங்கள் உண்டு. அப்பா அப்படிப்பட்டவர் இல்லையே என்று நிறையப் பேர் என்னைத் தேற்றினார்கள். அதற்காக நன்றி சொல்ல எனக்கு வரவில்லை. மகளின் உயிருக்கு வீட்டில் ஆபத்தில்லை என்பது அப்பா கொடுக்கும் சலுகையாக இருக்க முடியாது. என் கல்யாணத்துக்கு அவர் சம்மதத்தை நான் எதிர்பார்த்து நிற்கவும் இல்லை. பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டோம், குடும்பம் நடத்தினோம், பிள்ளைகள் பிறந்தார்கள். நான் எதிர்பார்த்தது அவர் பேச்சை.

அதற்காக என்னென்னவோ செய்தேன். பெரிய மாமாவைத் தூது அனுப்பினேன். அப்பா மதிக்கிற தலைமையாசிரியரைப் போய்ப் பேசச் சொன்னேன். வீட்டுக்கு ஓடு மாற்றப் பணம் அனுப்பினேன். நீளநீளமாகக் கடிதம் எழுதினேன், சாதி ஏன் தப்பு என்று வரிசையாகக் காரணம் அடுக்கி. கடைசியில் மகள் பிறந்த மூன்றாம் நாள் அவள் படத்தை அனுப்பினேன். தாத்தா பார்க்கட்டும் என்ற பாசம் மட்டுமா அது? இல்லை. இந்த முகத்தைப் பார்த்தும் உங்களால் பேசாமல் இருக்க முடியுமா என்று ஒரு நெருக்கடி அதில் இருந்தது. பிறந்த பிள்ளையை அந்த வேலைக்கு அனுப்பியவள் நான். யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தது இதைத்தான்.

ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரிதான் நடந்தது. அம்மா போனில் சொல்வாள், "இப்ப கொஞ்சம் பரவாயில்லட்டி, ஒன் பேச்சு எடுத்தா எந்திரிச்சுப் போறதில்ல." எனக்கு உற்சாகம் வந்துவிடும், உடனே யாரையாவது அனுப்புவேன். அந்த வாரம் முழுக்க அவர் அம்மாவிடமும் பேச மாட்டார். திரும்பவும் முதலிலிருந்து.

ஒரு நைட் ஷிஃப்டில், டீ குடிக்கும் அறையில், அந்த மூத்த சிஸ்டரிடம் இதைச் சொன்னேன். சாதியை அவருக்கு விளக்கவே கொஞ்ச நேரம் பிடித்தது. கேட்டுவிட்டு, "ஹி வில் கம் ரவுண்ட், லவ்" என்றார். அதை அங்கே எல்லோரும் ஆறுதலுக்குச் சொல்வார்கள், எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். அன்றைக்கு மட்டும் கை காலெல்லாம் சில்லென்று ஆகிவிட்டது. நோயாளியிடம் எதைச் செய்யக் கூடாது என்று தினமும் கவனமாக இருக்கிறேனோ, அதையே வருஷக்கணக்காக வீட்டில் செய்துகொண்டிருந்திருக்கிறேன். பாதி தெளிந்தவரை உலுக்கியிருக்கிறேன்.

அதன் பிறகு ஆள் அனுப்புவதை நிறுத்தினேன். கடிதமும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்குப் போன், அது மட்டும் தவறாது. பிள்ளைகள் இருமியது, இங்கே விழுந்த பனி, டியூட்டி எந்த ஷிஃப்ட் என்று சாதாரணப் பேச்சு. அப்பாவைப் பற்றிக் கேட்பேன், சாப்பிட்டாரா, சர்க்கரை எவ்வளவு இருக்கிறது, அவ்வளவுதான். நம்பிக்கையோடு செய்தேன் என்று சொல்ல மாட்டேன். எல்லோரும் தெளிந்துவிடுவார்கள் என்று ரிகவரியில்கூட யாரும் சத்தியம் செய்வதில்லை. பேசாமலே செத்துப்போன அப்பாக்கள் எங்கள் தெருவிலேயே உண்டு.

ஒரு நாள் அம்மாவோடு பேசும்போது பின்னணியில் ஏதோ குறைவதாகப் பட்டது. அடுத்த வாரம் கவனித்தேன். அம்மா போனை எடுக்கும்போது ஓடிக்கொண்டிருக்கும் டி.வி. சத்தம், பேசத் தொடங்கியதும் குறைந்துவிடும். அம்மாவிடம் கேட்டேன். "ஒங்கப்பாதான் கொறைக்காவ. எல்லாத்தையும் கேட்டுட்டுதான் இருக்காவ" என்றாள். முன்பு என்றால் அன்றைக்கே மாமாவுக்குப் போன் போட்டிருப்பேன். வாயை மூடிக்கொண்டு, ஸ்பீக்கரில் போடச் சொல்லாமல், கொஞ்சம் உரக்கப் பேசினேன்.

பிறகு வந்தது ஒரு மத்தியானம். போனை எடுத்தது அப்பா. "அம்மா குளிச்சிட்டு இருக்கா. அஞ்சு நிமிஷம் கழிச்சுப் போடு." வைத்துவிட்டார். அடுப்பில் பாலை வைத்திருந்தேன், பொங்கி வழிந்ததைப் பார்க்கவில்லை. இன்னும் சில மாதம் கழித்து, தானாகவே கேட்டார்: "அவரு டூட்டிக்குப் போயாச்சா?"

அதுவரை என் கணவர் எங்கள் வீட்டில் 'அவன்'. அம்மாகூட அப்பா காதில் விழும்படி 'அவர்' என்று சொன்னதில்லை. அன்றைக்கு அப்பா வாயிலிருந்து வந்த அந்த ஒரு 'ரு'வுக்காக நான் எழுதிய கடிதங்களில் எத்தனை பக்கம் வாதாடியிருக்கிறேன்! அந்த வாதம் எதுவும் அவரை மாற்றியதாக நான் நினைக்கவில்லை. எது மாற்றியது என்று கேட்கவும் இல்லை. சர்க்கரையா, வயதா, தனிமையா, பேத்தி அம்மாவோடு பாதித் தமிழில் பேசுவதைக் கேட்டதா. மயக்கம் எந்த நொடியில் தெளிந்தது என்று நோயாளியாலும் சொல்ல முடியாது. நினைவின் அளவைக் கண், பேச்சு, அசைவு என்று பிரித்துக் குறிக்க கிளாஸ்கோவில் 1974-இல் ஒரு அளவுகோல் செய்தார்கள். தினமும் பயன்படுத்துகிறோம். அதிலும் எத்தனை தூரம் வந்திருக்கிறார் என்று குறிக்கலாமே தவிர, எப்படி வந்தார் என்பதற்குக் கட்டம் இல்லை.

அப்பா முழுதாக மாறிவிட்டார் என்று நான் எழுதினால் அது பொய். என்னோடு பேசுகிறார். பிள்ளைகளிடம் அவர்கள் பாடம் கேட்கிறார். என் கணவரை 'அவரு' என்கிறார், 'மாப்பிள்ளை' என்று இன்னும் சொல்லவில்லை. சித்தப்பா பெண் கல்யாணப் பத்திரிகை எங்களுக்கு வரவில்லை, அதைப் பற்றி அவர் வாய் திறக்கவும் இல்லை. அந்த இடத்தில் எனக்குக் கோபம் இருக்கிறது, இருக்கட்டும் என்று விட்டிருக்கிறேன். கோபத்தை அடக்கிக்கொள்வது வேறு, ஆளை உலுக்காமல் இருப்பது வேறு என்று இப்போது தெரிகிறது. வரும் சித்திரையில் ஊர்க் கோயில் கொடை. யாரும் கூப்பிடவில்லை. ஆஸ்பத்திரியில் அந்த மாதத்துக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன், என் கணவரும் கொடுத்திருக்கிறார். டிக்கெட் இன்னும் எடுக்கவில்லை.